டெஸ்டர் பாயின் ராக்கெட் பெட்டி

மின்சாரத்துக்கு மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எண்பதுகளில் அவர் தருமபுரியில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். கரண்ட் போனால் நாமெல்லாம் "போயிடுச்சு" என்போம். அவர் "போயிட்டாங்க" என்பார். வோல்டேஜ் குறைந்தால், "காலையிலேர்ந்து அவங்களுக்கு உடம்பு சரியில்லைங்க சார்" என்று முகம் வாடுவார்.

சட்டைப் பையில் எந்நேரமும் டெஸ்டர் இருந்ததால் அவர் டெஸ்டர் பாய். இரும்பு எதுவானாலும் டெஸ்டரால் ஒரு முறை தொட்டுப் பார்த்த பிறகுதான் கை வைப்பார். டவுன் பஸ்ஸின் கம்பியைக்கூட விடவில்லை.

"பாய், இது டீசல்ல ஓடுறதுங்க" என்றார் கண்டக்டர்.

"சொல்ல முடியாதுங்க" என்றார் பாய்.

எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவர் தொழில். இண்டூரிலிருந்தும் நல்லம்பள்ளியிலிருந்தும் விவசாயிகள் மோட்டாரைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். அவர் கை பட்டால் அது பிழைத்துக்கொள்ளும். அந்தத் தைரியத்தில்தான் பாலக்கோட்டுக்கு மோட்டார் மாட்டப் போனவர், ஒரு தக்காளி மண்டியின் மூலையில் கிடந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பீரோ உயரத்தில் ஒரு மரப்பெட்டி. முகத்தில் டிவி மாதிரி கண்ணாடி. பொருட்காட்சிக்கு வந்த வீடியோ கேம். காசு போட்டால் மேலிருந்து பூச்சிகள் இறங்கும், கீழே இருக்கும் ராக்கெட்டை இப்படியும் அப்படியும் நகர்த்திச் சுட வேண்டும். மழையில் நனைந்து செத்துப்போனதும் பொருட்காட்சிக்காரர்கள் அதை அந்த மண்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் டிராக்டரில் வந்து இறங்கியது. வாசல் கதவைக் கழற்றித்தான் உள்ளே நுழைக்க முடிந்தது.

முன் அறையில் அதுவரை பாயின் மனைவி ஜமீலா அக்காவின் தையல் மிஷின் இருந்தது. தெருவிலுள்ள பெண்கள் அத்தனை பேருக்கும் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர் அவர்தான். பெட்டி வந்ததும் மிஷின் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. ஜமீலா அக்கா பெரிதாகக் கத்தவில்லை. கத்தரிக்கோலை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

பாய் பெட்டியின் முதுகைத் திறந்தார். உள்ளே ஓர் எலிக் குடும்பம். அதைப் பக்குவமாகக் குடிபெயர்த்துவிட்டு, சர்க்யூட் போர்டில் ஒட்டியிருந்த தக்காளி விதைகளைப் பல் தேய்க்கும் பிரஷால் ஒவ்வொன்றாக எடுத்தார். எரிந்திருந்த டிரான்ஸ்பார்மருக்குப் புதுக் காயில் கட்டினார். பிக்சர் டியூபின் கழுத்துக்குப் போகும் ஒயர்களை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. அவற்றையும் ஈயம் வைத்துச் சேர்த்தார். ராக்கெட்டை நகர்த்தும் பிடி உடைந்திருந்ததால் ஒரு குடையின் கைப்பிடியைப் பொருத்தினார். சுடுவதற்குக் காலிங் பெல் சுவிட்ச்.

"எல்லாம் ஆயிடுச்சு சார், இனி உயிர் வர வேண்டியதுதான் பாக்கி" என்றார். அதையே பல வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரம்ஜான் நெருங்கியது. பெருநாளுக்கு ஜமீலா அக்காவின் அண்ணன் குடும்பம் வருவதாக இருந்தது. ஒருநாள் என் முன்னாலேயே அவர் பாய்க்குக் கெடு வைத்தார்.

"இந்தாங்க, வர்றவங்களை இந்தப் பொட்டி மேலயா உக்கார வெக்கறது? பெறை தெரியறதுக்குள்ள இது ஓடணும். இல்லன்னா பழைய இரும்புக்காரர் வண்டி வூட்டு வாசல்ல நிக்கும்."

"ஓடும் ஜமீலா. நோன்பு வாயால சொல்றேன், பொய் சொல்வனா?"

அன்று முதல் ஊரே பிறை எப்போது தெரியும் என்று காத்திருக்க, பாய் மட்டும் வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்.

பிறை பார்க்கும் சாயங்காலம் வந்தது. மேகம் வரவில்லை. பழைய இரும்புக்காரர் முனியப்பன்தான் தள்ளுவண்டியோடு வந்து நின்றார். பாய் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டே சுவிட்சைப் போட்டார். கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கோடு வந்து, நடுங்கி, அணைந்தது.

"அவங்க சோர்வா இருக்காங்க சார். தெருவுல எல்லாரும் லைட்டைப் போட்டுட்டாங்க, அதான். இவங்க எத்தனை வூட்டுக்குத்தான் ஓடுவாங்க?"

சொல்லிவிட்டு வெளியே ஓடினார். வீடு வீடாகக் கும்பிட்டு விளக்கை அணைக்கச் சொன்னார். எல்லோரும் அணைத்தார்கள். இட்லிக்கடை மாதம்மாவின் கிரைண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க ராக்கெட்டு கெளம்பணும்னா என் மாவு பாதியில நிக்கணுமா பாய்?"

"ஒரு பத்து நிமிசம்மா. நாளைக்கு உங்களுக்குத் தனியா ஒரு சட்டி பிரியாணி."

"கறி இருக்குமா, வெறுஞ் சோறா?"

"கறிதாம்மா!"

கிரைண்டர் நின்றது. அதே நொடியில் எங்கோ மொட்டைமாடியிலிருந்து "பெறை தெரிஞ்சிருச்சு!" என்று குரல் வந்தது. முனியப்பன் வண்டியின் கயிற்றை அவிழ்த்தார். இருட்டிக் கிடந்த தெருவில் ஒரே ஒரு வெளிச்சம், பாய் வீட்டு முன் அறையில், பச்சையும் சிவப்புமாக எழுந்தது.

பூச்சிகள் வரிசையாக நின்றன. தலைக்கு மேலே ஓடிய ஆங்கில எழுத்துகள் தலைகீழாக இல்லை, ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்ப்பதுபோல வலமிருந்து இடமாக இருந்தன.

"பாருங்க சார், நம்ம உருது மாதிரி எழுதியிருக்கான். இது அரபு நாட்டுக்குன்னே செஞ்ச மிஷின்" என்று பாய் அறிவித்தார்.

அறிவித்துவிட்டுக் குடைப்பிடியை இடப்பக்கம் தள்ளினார். ராக்கெட் வலப்பக்கம் ஓடிப் போய்க் குண்டு வாங்கிச் செத்தது. நான் ஆடினேன், செத்தேன். முனியப்பன் தராசைக் கீழே வைத்துவிட்டு ஆடினார், எங்களைவிட வேகமாகச் செத்தார்.

"இதுக்குப் பித்து புடிச்சிருக்குங்க பாய். ஏத்திரலாமா?" என்றார்.

பாய் டெஸ்டரை எடுத்து, எதையும் தொடாமல் திரும்பப் பையில் வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

முந்தானையில் ஊசி குத்தியிருக்க, பின்கட்டிலிருந்து ஜமீலா அக்கா வந்தார். சற்று நேரம் கண்ணாடியையே பார்த்தார். பிறகு குடைப்பிடியைப் பிடித்தார். ராக்கெட் அவர் சொன்ன இடத்துக்குப் போனது. பூச்சிகள் வரிசை வரிசையாக உதிர்ந்தன. காலிங் பெல் சுவிட்சில் அவர் விரல், தையல் மிஷின் ஊசியைப் போல ஏறி இறங்கியது.

"எப்படிக்கா?" என்றேன்.

"ரவிக்கையைப் பொறட்டிப் போட்டுத்தான சார் தைக்கறோம்? எடது கையி வலப்பக்கம்தான் கெடக்கும். இதுல என்ன இருக்குது?" கண்ணை எடுக்காமலே முனியப்பனிடம் சொன்னார்: "அண்ணே, நாளைக்கு சாப்பிட வாங்க. வண்டி வேணாம்."

வெளியே மாதம்மாவின் குரல் கேட்டது: "பாய், என் மாவு புளிச்சுரும்!" யாரும் காதில் வாங்கவில்லை.

பெருநாளன்று அண்ணன் குடும்பம் மொத்தமும் தோற்றது. அடுத்து தெரு தோற்றது. மோட்டார் கொண்டுவந்த விவசாயிகள் மோட்டாரை மறந்துவிட்டுத் தோற்றார்கள். தையல் மிஷின் முன் அறைக்கே திரும்பி, பெட்டிக்குப் பக்கத்தில் அமர்ந்தது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பெண்களையும் ஜமீலா அக்கா விடவில்லை.

பிறகு ஒருநாள் பெட்டியின் முதுகைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்த பாயிடம் கேட்டேன். "பாய், அரபு நாடெல்லாம் இல்லை. டியூப் கழுத்துல ரெண்டு ஒயர் மாறியிருக்கு, அதான் படம் இடவலம் மாறித் தெரியுது. அப்படித்தானே?"

அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். ஜமீலா அக்கா சமையலறையில் இருந்தார். பாய் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு ராத்திரியே தெரியும் சார். நாலு பேருக்கு முன்னால சமாளிச்சேன்."

"அப்போ மாத்திட வேண்டியதுதானே? ரெண்டு நிமிஷ வேலை."

"மாத்தலாம் சார். மாத்துனா எல்லாருந்தான் ஜெயிப்பாங்க. அவளையும் எல்லாரோட சேத்துரச் சொல்றீங்களா?"

பின்பலகையை எடுத்துப் பொருத்தினார். அது சரியாக உட்கார மறுத்தது. அவர் திருகாணியை முடுக்கும்வரை நான் அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.