மஞ்சள் நாற்காலிக்கு நேரே

கயாக் வாங்கும் முன் மனைவியிடம் கேட்பவன் புத்திசாலி. வாங்கிவிட்டுச் சொல்பவன் வீரன். வாங்கி, பக்கத்து வீட்டுக் கொட்டகையில் ஒளித்துவைத்து, அந்த வீட்டுக்காரி ஓபல் வாயாலேயே மனைவிக்குத் தெரியும்படி விட்டவன் நான்.

நோரீன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. காபியை ஊதி ஊதிக் குடித்தபடி அந்த ஒற்றையாள் பச்சைக் கயாக்கை ஒரு சுற்று சுற்றிவந்தாள்.

“நீளம் நல்லாத்தான் இருக்கு. மண்ணைப் போட்டு ரொப்பினா ஒரு வரிசை தக்காளி வைக்கலாம்.”

“நோரீன், இது படகு!”

“படகுன்னா மீன் வரணும், வெண்டல். முட்டை போட மீனெல்லாம் கரைக்கு வந்து நின்னப்பவே உனக்கு ஒண்ணும் சிக்கல. இப்ப முட்டை போட்டுட்டு ஆழத்துக்குப் போயிருச்சு. இனிமே எதைத் துரத்தப் போற, தவளையையா?”

சுருக்கென்று தைத்தது. காரணம், அது உண்மை. எங்கள் கென்டக்கி ஏரியில் ஏப்ரல் வந்தால் கிராப்பி மீன்கள் கரையோரத்துக்கு வந்து மொய்க்கும். நோரீன் எங்கள் படகுத்துறையின் முனையில் தன் மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்து, கம்பளியும் பின்னிக்கொண்டு வாளியையும் நிரப்புவாள். நான் பக்கத்தில் நின்று தூண்டில் சிக்கல் எடுப்பேன். மே மாதம் மீன்கள் ஆழத்துக்குப் போய்விட்டால் துறையில் நின்று ஒன்றும் செய்ய முடியாது. அதற்காகத்தானே கயாக் வாங்கினேன்!

“சனிக்கிழமை சர்ச் மீன் விருந்துக்கு வேண்டிய கிராப்பி மொத்தமும் நான் ஒருத்தனே கொண்டுவரேன். கொண்டுவந்தா படகு என்னுது.”

“கொண்டுவரலேன்னா?”

“தக்காளி நட்டுக்கோ!”

“கையைக் குடு” என்றாள். குலுக்கினோம். ஓபல் சாட்சி.

இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இங்கே கிறிஸ்துமஸ் முடிந்ததும் மரத்தை வீணாக்க மாட்டோம். சிமென்ட் கல்லைக் கட்டி ஏரியில் இறக்கிவிடுவோம். முட்டையிட்டுக் களைத்த கிராப்பிகள் அந்தக் கிளைகளுக்குள் போய்த்தான் இளைப்பாறும். மரம் இறக்கிய இடத்தைப் போதகரிடம்கூட யாரும் சொல்வதில்லை. ஒருவர் தம் மரத்தின்மேல் மீன் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னொருவர் கிட்டே போகவே கூடாது. போனால் அடுத்த ஞாயிறு சர்ச்சில் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது.

ஜனவரியில் எங்கள் மரத்தோடு தெருவில் எறிந்திருந்த கிறிஸ்துமஸ் மரங்களையும் பொறுக்கி நானும் இறக்கியிருந்தேன். கரையில் தெரிந்த தண்ணீர்த் தொட்டியை அடையாளம் வைத்தேன். மே மாதம் போய்ப் பார்த்தால் தொட்டியைக் காணவில்லை. ஜனவரியில் மொட்டையாக நின்ற காடு இலைவிட்டு அதை மூடிவிட்டது! இந்த ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு மரம் துளிர்க்கும் என்பது மறந்துபோயிற்று.

அலையோ அலை என்று அலைந்து இடத்தைக் கண்டுபிடித்துப் புது அடையாளம் வைத்தேன். குன்றின்மேல் சர்ச் கோபுரம், அதற்கு நேர்கீழே நோரீனின் மஞ்சள் நாற்காலி, என் வலது தோளுக்கு நேரே சிவப்புப் படகுக் கொட்டகை. மூன்றும் இப்படிப் பொருந்தினால் கயாக் என் மரத்துக்கு நேர்மேலே நிற்கும். நாட்டின் அரசியல் சாசனத்தைத் திருத்தினாலும் அந்த நாற்காலி நகராது என்று நம்பினேன்.

கயாக் லேசானது. காற்று தும்மினால் நகர்ந்துவிடும். அதனால் அடிக்கடி திரும்பி, கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, நாற்காலி நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். மீன் ஏகமாய்க் கடித்தது. சனிக்கிழமைக்கு இருக்கட்டும் என்று பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டேன்.

அந்த வாரம் வீட்டில் விசித்திரங்கள் நடந்தன. திங்கட்கிழமை சுடச்சுட ஸ்ட்ராபெரி பை பலகாரம். அடுத்த நாள் நோரீன் உதட்டில் சாயம். அதற்கடுத்த நாள் முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

“தண்ணியில இருக்கும்போது என்ன நெனச்சுக்குவ, வெண்டல்?”

“மீனை.”

“வேற ஒண்ணும் இல்லியா?”

“இரைக்கு வெச்ச பொடிமீன் தீந்துருமோன்னு.”

“வெக்கத்தைப் பாரு!” என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். ஒன்றும் புரியவில்லை. பை நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை பையும் இல்லை, சாயமும் இல்லை. ஆறிப்போன அவரைக்கொட்டை மட்டும் வந்தது. தோல்வி பயம் வந்துவிட்டது, பாவம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை. நல்ல குளிர். கோபுரத்துக்குக் கீழே மஞ்சள் நாற்காலி, நாற்காலியில் நோரீனின் வைக்கோல் தொப்பி, வலது தோளில் கொட்டகை. எல்லாம் கச்சிதம். தூண்டிலை இறக்கினேன். ஒன்றும் கடிக்கவில்லை. பொடிமீனை மாற்றினேன். பொடிமீனுக்கே அலுத்துப்போயிற்று.

கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய அலுமினியப் படகு. அதில் கண்வரை குல்லாயை இழுத்துவிட்ட இரண்டு பெண்கள். வெறும் தண்ணீரில் என்ன பிடிக்கப்போகிறார்கள் என்று பரிதாபப்பட்டேன். அவர்கள் ஒரு மீனை எடுத்தார்கள். இன்னொன்று. பிறகு நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். வயிறு எரிந்தது. ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே! கிட்டே போகாமல், தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டு, அவர்கள் மரத்தை நான் பார்ப்பதாக நினைத்துவிடக் கூடாதென்று முதுகையும் திருப்பிக்கொண்டேன். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். குளிர் போலிருக்கிறது.

காலி வாளியோடு துறைக்கு வந்தேன். நாற்காலியில் தலையணை. தலையணைமேல் தொப்பி. நாற்காலி இப்போது இருந்த இடத்திலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, பலகையில் வெளுக்காத நான்கு வட்டங்கள். வருஷக்கணக்காக நாற்காலிக் கால்கள் நின்ற இடம்.

பின்னால் அலுமினியப் படகு வந்து முட்டியது. குல்லாயைக் கழற்றினாள் நோரீன். பெட்டி நிறைய கிராப்பி. ஓபல் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

“அது என் மரம்!”

“நம்ம மரம். ஜோடிச்சது யாரு?”

“அடுத்தவங்க மரத்துக்கிட்ட வரக்கூடாதுன்னு…”

“நாங்க முன்னாடியே வந்துட்டோம். நீதான் மரியாதையா ஒதுங்கிப் போன. என்ன பண்பான புருஷன்னு ஓபலே சொன்னா.”

“எப்படிக் கண்டுபிடிச்ச?”

அவள் சிரிப்பு நின்றது.

“வாரம் பூரா திரும்பித் திரும்பி என்னையே பாத்த, வெண்டல். கல்யாணத்தன்னிக்குக்கூட நீ அப்படிப் பாக்கல. மனுஷனுக்கு இப்பத்தான் கண்ணு தொறந்திருக்குன்னு நானும் முடியெல்லாம் சுருட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். வியாழக்கிழமை போன் அடிச்சுது, உள்ள போனேன். ஜன்னல்வழியா பாத்தா, நீ காலி நாற்காலியை அதே காதலோட பாத்துக்கிட்டிருக்க! உன் அடையாளம் நாற்காலிதான்னு அப்பத்தான் புரிஞ்சுது.”

எனக்கு வெட்கமாக இருந்தது. மீன் போனதற்கு அல்ல. அந்த உதட்டுச் சாயத்தை நினைத்து.

விருந்தில் அவள் பிடித்த மீனை நான் பொரித்தேன். கயாக்கில் தக்காளி நடவில்லை, அவளே ஏறிக்கொண்டாள். நாற்காலியைப் பழைய வட்டங்களிலேயே வைத்து, அதன் கால்களை ஆணியடித்து, அதில் என்னை உட்காரச் சொன்னாள். நேற்று காலை தண்ணீரிலிருந்து அடிக்கடி திரும்பி, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு பார்வை! மன்னித்துவிட்டாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. முடியைக் கோதிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கையை ஆட்டினேன்.

“வெண்டல்!” என்று கத்தினாள். “தலையைக் குனி! கோபுரம் தெரியல!”