‘கேட்குதா?’ என்போர் மீது ஒரு குற்றப்பத்திரிகை

குற்றச்சாட்டு இதுதான். கடந்த மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி நான்கு நிமிடம் முதல் மூன்று மணி ஐம்பத்தொரு நிமிடம் வரை, நாற்பத்திரண்டு மாணவர்களை இணையத்தின் வழியே எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, ஓர் ஆசிரியர் ஓசையே இல்லாமல் பாடம் நடத்தினார். வாய் அசைந்தது. கை அசைந்தது. புருவம்கூட அசைந்தது. குரல் மட்டும் வரவில்லை. பாடத்தின் பெயர் ‘ஒலியும் அதிர்வும்’. பெயரை நாம் வைக்கவில்லை. பாடத்திட்டத்தின் நான்காம் பக்கத்தில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.

வாசகரே, இவரைத் தனி மனிதராக எண்ணி மன்னித்துவிட வேண்டாம். இவர் ஓர் இனம். பல்கலைக்கழகங்கள் வகுப்பறையைப் பூட்டிவிட்டுப் பாடத்தைக் கண்ணாடித் திரைக்குள் ஏற்றிய நாளிலிருந்து பல்கிப் பெருகிவரும் இனம். ‘கேட்குதா இனம்’ என்று அழைப்போம். பிறந்த குழந்தை வீறிடுவதைப்போல, திரையில் தோன்றியதும் இவ்வினத்தார் எழுப்பும் முதல் ஒலி அதுதான்.

அடையாளம் காண்பது எளிது. கேமராவை மேசைமீது தாழ வைத்திருப்பார். ஆகவே மாணவர்க்குத் தெரிவது அவருடைய முகவாயும், மூக்கின் இரு துவாரங்களும், தலைக்கு மேலே அவரைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடத் தயாராய்ச் சுழலும் மின்விசிறியுமே. “கேட்குதா?” என்பார். பதிலுக்குக் காத்திராமல் “ஓகே” என்று தமக்குத் தாமே விடையளித்துக்கொள்வார். “ஸ்கிரீன் தெரியுதா?” என்பார், தெரிவது பாடமாக இராது, அவர் வீட்டுச் சலவை இயந்திரத்தின் உத்தரவாத அட்டையாக இருக்கும். பிறகு பாடத்தைத் தேடிப்பிடித்துத் திரை முழுவதும் விரித்து, அதில் உள்ளதை உள்ளபடி வாசித்து, வாசித்ததையே “அதாவது” என்று தொடங்கி மறுபடியும் வாசித்து, எவரும் வாய் திறவாதிருப்பது கண்டு “அமைதியா இருக்கீங்க, அப்போ புரிஞ்சிருச்சு” என்று உள்ளம் குளிர்ந்து, எவரேனும் புரியவில்லை என்று சொல்லத் துணிந்தால் “உங்க பக்கம்தான் நெட்வொர்க் சரியில்லை” என்று நாடி பிடிக்காமலே நோயைச் சொல்லி, கடைசியில் “டவுட் இருந்தா கேளுங்க” என்று கூறி வகுப்பை மூடுவார். ‘கேளுங்க’ என்ற சொல்லுக்கும் திரை இருள்வதற்கும் நடுவே மாணவர்க்குக் கிடைத்த அவகாசம் எவ்வளவு? பத்து வகுப்புகளில் கடிகாரம் வைத்து அளந்து எழுதப்பட்டிருக்கிறது. சராசரியாக இரண்டு விநாடி.

அளந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். உடன் வேலை பார்ப்பவர்கள் அவரை ‘ஃபைல்’ என்றே அழைப்பார்கள். மாற்றிய ஒவ்வொரு திருகாணிக்கும் தேதி எழுதி வைத்திருப்பவரை வேறு எப்படி அழைப்பது? லிஃப்டைப் பற்றி அவருக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. நின்றுபோன லிஃப்டுகளே கற்றுக்கொடுத்தன. கூரைமேல் உள்ள இயந்திர அறையில் நின்று, கயிற்றுச் சக்கரம் சுழலும் ஓசைக்குக் காதைக் கொடுத்தாரென்றால், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, அது இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். ஆனால் ஆய்வறிக்கையில் கையெழுத்திட அவருக்கு உரிமையில்லை. அதற்குப் பட்டம் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் ஏறிப் பார்த்த லிஃப்டுகளுக்கெல்லாம், கூரைப்படியை ஏறியறியாத ஒருவர் தரைத்தளத்தில் நின்று கையெழுத்திட்டு வருகிறார். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் நம்மவர் நாற்பது வயதுக்கு மேல் இணையவழிப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். கடைசிப் பருவம் இது. நிறுவனத்தில் ஆய்வாளர் பதவிக்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. அவருக்கு நாற்பத்து நான்கு முடிந்து ஏழு மாதம் ஆகிறது. அடுத்த தேர்வு ஓராண்டு கழித்து. இந்த முறை விட்டால் விட்டதுதான்.

ஒன்பதாம் தேதி வகுப்புக்கு அவர் ஒன்பது மாடிக் கட்டடமொன்றின் இயந்திர அறையில், கவிழ்த்த வாளியின்மேல் அமர்ந்து, செல்பேசியில் ஆஜராகியிருந்தார். முதல் நான்கு நிமிடம் யாதொரு குறையுமில்லை. அப்போது எவர் வீட்டிலோ குக்கர் கூவியது. ஆசிரியர் முகம் சுளித்து, ‘மியூட்’ பொத்தானை அழுத்தி எல்லோருடைய வாயையும் அடைத்தார். அடைத்த கையோடு தம் வாயையும் அடைத்துக்கொண்டார். முன்னது அவருக்குத் தெரியும்.

மெக்கானிக் முதலில் தம்மையே சந்தேகித்தார். பழுது பார்ப்பவரின் ஒழுக்கம் அது. காதுக்கருவியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். செல்பேசியை அணைத்துப் போட்டார். இயந்திர அறையை விட்டு மொட்டைமாடிக்கு வந்து நான்கு திசைக்கும் திரும்பி நின்று பார்த்தார். பழுது தம் பக்கம் இல்லை என்று உறுதியான பிறகே, உரையாடல் பெட்டியில், “ஐயா, கேட்கவில்லை” என்று எழுதினார். ஆசிரியரின் ஸ்லைடு திரை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்ததால் அந்தப் பெட்டி அவர் கண்ணில் படவில்லை. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை, தவறாமல், “ஐயா, கேட்கவில்லை.” மொத்தம் பதினொரு முறை.

மற்ற நாற்பத்தொருவர்? ஆசிரியரின் உதடு ‘கேட்குதா’ என்பதுபோலக் குவிந்து விரியும்போதெல்லாம் அவர்கள் “எஸ் சார்” என்று எழுதினார்கள். அடுத்தடுத்து, வரிசையாக, நாற்பத்தோரு “எஸ் சார்.” பொறுக்கமாட்டாமல் வகுப்புத் தோழரான பேருந்து நடத்துநர் செல்பேசியில் அழைத்தார்.

“அண்ணே, எதுக்கு அதையே திரும்பத் திரும்ப எழுதிட்டிருக்கீங்க? எஸ் சார்னு போட்டுட்டுப் போங்க.”

“உனக்குக் கேட்குதா?”

“எனக்கு எப்படிண்ணே கேட்கும்? பஸ்ல ஐம்பது பேரு நிக்கிறாங்க. ஒரு நிமிஷம்... உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க... சொல்லுங்கண்ணே.”

“கேட்காமலே கேட்குதுன்னு எப்படிப்பா எழுதறது?”

“லிஃப்டாண்ணே இது? அறுந்து விழவா போகுது?”

அறுந்துதான் விழுந்தது. பருவத்துக்கு ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுத்து, அதில் மாணவர் எவ்வளவு பங்கேற்றார் என்று பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் இடுவது அத்துறையின் வழக்கம். நான்குக்குக் குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்டது ஒன்பதாம் தேதி வகுப்பு. பதினாறாம் தேதி அறிக்கை வந்தது. நாற்பத்தொருவருக்குப் பத்துக்கு எட்டு. மெக்கானிக்குக்குச் சுழி. எதிரே குறிப்பு: ‘வகுப்பைக் கேட்கவில்லை. மாணவரே எழுத்தில் ஒப்புக்கொண்டுள்ளார் (பதினொரு முறை).’

தமிழில் ‘கேள்’ என்னும் சொல் காதுக்கும் வாய்க்கும் கருத்துக்கும் பொதுச்சொத்து. ஓசை காதில் விழுவதும் கேட்பது, வினவுவதும் கேட்பது, சொல்பேச்சுக்குப் பணிவதும் கேட்பது. அந்தப் பொதுச்சொத்தில் யார் எப்போது வேலி போடுவார் என்று யாருக்குத் தெரியும்? மறுநாளே மெக்கானிக் துறை அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். எழுத்தரான அம்மையார் எடுத்தார். உரையாடல் குறித்துவைக்கப்பட்டிருப்பதால் அப்படியே தருகிறோம்.

“கேட்கவில்லைன்னு நீங்கதானே சார் எழுதிருக்கீங்க?”

“காதுல விழலைங்கிற அர்த்தத்துல எழுதினேன்மா.”

“அப்போ காதுல விழலைன்னு எழுதிருக்கணும். நீங்க கேட்கலைன்னு எழுதினா நான் கேட்கலைன்னுதானே சார் போட முடியும்?”

“சரிம்மா, அந்த வாத்தியாரையாவது கேட்டுப் பார்த்தீங்களா?”

“கேட்டேனே. நல்லாவே கேட்டுச்சுன்னாரு.”

“யாருக்கு?”

“அவருக்குத்தான்.”

“வகுப்போட பதிவு இருக்குமேம்மா, அதைப் போட்டுப் பாருங்க.”

“அதுவும் பார்த்தாச்சு. சத்தமே வரல. ஆனா அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சார். எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஸ்பீக்கர் கிடையாது.”

இதற்குப் பிறகும் நம்பிக்கை இழக்காதவர் எவரோ அவரே மனு எழுதத் தகுதியானவர். ஏழு இணைப்புகளோடு மெக்கானிக் மனு எழுதினார். மார்ச் முப்பதாம் நாள் காலை பதினொரு மணிக்குக் குறைதீர் கூட்டம் என்று பதில் வந்தது. அதுவும் இணையவழியில்தான்.

ஆசிரியரின் வாய் மறுபடியும் அடைபட்டிருந்தால் என்ன செய்வது என்பதை மெக்கானிக் முன்கூட்டியே யோசித்தார். ‘கேட்கவில்லை’ என்ற சொல்லை இனித் தம் வாழ்நாளில் எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். பெரிய தாளொன்றில், தடித்த பேனாவால், ‘ஒலி வரவில்லை’ என்று எழுதி, ஒத்திகைக்காகக் கேமராவின் முன் தூக்கிப் பிடித்தார். மருந்துக்கடையில் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தார்.

“என்னங்க, எழுத்தெல்லாம் இடம் வலமா மாறித் தெரியுது?”

மாறித்தான் தெரிந்தது. அவரவர் முகம் அவரவர் திரையில் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரியும். எதிராளிக்கு நேராகத்தான் தெரியும். இது நமக்குத் தெரியும். லிஃப்டைத் தாமே கற்றவர், இதையும் தாமே கற்றார். ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்து, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் திருப்பி எழுதினார்.

“இப்ப சரியா இருக்குங்க,” என்றார் மனைவி. “மருந்துச் சீட்டு எழுதற டாக்டருங்கூட இவ்வளவு கஷ்டப்பட மாட்டாரு.”

கூட்டம் தொடங்கியது. துறைத் தலைவர், ஆசிரியர், எழுத்தர், மெக்கானிக்: நால்வர். தலைவர் ஒழுங்கின் பொருட்டு எல்லோர் வாயையும் அடைத்து, “இப்ப சார் மட்டும் தன்னோட விளக்கத்தைச் சொல்லலாம்” என்றார். ஆசிரியர் சொன்னார். ஆறு நிமிடம் சொன்னார். உருக்கமாகச் சொன்னார் என்றுதான் தோன்றியது; ஒருமுறை நெஞ்சில் கைகூட வைத்தார். தம் வாய்ப்பூட்டைத் திறக்க மட்டும் மறந்திருந்தார். தலைவர் தலையாட்டினார். எழுத்தர் எழுதினார். மெக்கானிக் தாளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கைப் பேச அனுமதித்தார்.

“அது என்ன மொழி?”

“தமிழ்தான் சார். சத்தம் வரலைன்னு எழுதிருக்கேன். அவர் பேசின ஆறு நிமிஷமும் எனக்கு ஒண்ணுமே வரல.”

“உங்க பக்கம் நெட்வொர்க் சரியில்லை போல.”

“உங்களுக்கு வந்துச்சா சார்?”

தலைவரும் கேட்குதா இனத்தவர்தான், வயதில் மூத்தவர். “அவர் என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும்,” என்றார். “வேற ஏதாவது இருந்தா கேளுங்க.”

மெக்கானிக் வாயெடுத்தார். திரை இருண்டது. ஒன்றரை விநாடி.

ஏப்ரல் இரண்டாம் நாள் தீர்மானம் வந்தது. மூன்றே வாக்கியம். ‘ஆசிரியரின் விளக்கத்தை அனைவரும் கேட்டனர். மனுதாரர் அறியப்படாத எழுத்தில் ஒரு தாளைக் காட்டினார். மனு முடித்துவைக்கப்பட்டது.’ மெக்கானிக்கின் மனைவி அதை இருமுறை வாசித்துவிட்டு, “நீங்களும் எஸ் சார்னு போட்டிருக்கலாம்ல?” என்றார். சொன்ன மாத்திரத்தில் கணவரின் முகத்தைப் பார்த்து, “சரி விடுங்க, உங்களால முடியாது” என்று அவரே முடித்தார். அன்று மெக்கானிக் உட்கார்ந்து எழுதிய கடிதம் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. தபால் ரசீது பத்திரமாக இருக்கிறது.

கடிதத்தில் அவர் நீதி கேட்கவில்லை, கருணை கேட்கவில்லை, மதிப்பெண்கூடக் கேட்கவில்லை. ‘அனைவரும் கேட்டனர்’ என்று கையெழுத்திட்டிருப்பவர்கள், முப்பதாம் தேதி அந்த ஆறு நிமிடத்தில் ஆசிரியர் சொன்னதில் ஏதேனும் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். முடிந்தால், சுழியை அவர் ஏற்றுக்கொண்டு கூரைக்கே திரும்பிப் போய்விடுவார். முடியாவிட்டால், அதையே எழுத்தில் தெரிவித்து, ஹால் டிக்கெட் பட்டியல் மூடப்படும் ஏப்ரல் பத்தாம் நாளுக்குள் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும்.

கடிதத்துக்கு நகல்கள் உண்டு. ஒன்று துறைத் தலைவருக்கு, ஒன்று ஆசிரியருக்கு. மூன்றாவது உங்களுக்கு, வாசகரே. திடுக்கிட வேண்டாம். நீங்கள் ஆசிரியர் இல்லை என்பது தெரியும். ஆனால் நேற்று அடுத்த அறையில் இருந்தவரைப் பார்த்து “நான் சொல்றது கேட்குதா?” என்று நீங்கள் வினவியதும், அவர் வாய் திறக்குமுன் மேற்கொண்டு பேசத் தொடங்கியதும், பேசி முடித்து, அவர் சும்மா இருந்ததைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டதும் இங்கே குறிக்கப்பட்டிருக்கின்றன. இல்லை என்று மறுக்கிறீர்களா? மறுக்கலாம். அந்த அறைக்குப் போய், நேற்று நீங்கள் சொன்னது என்னவென்று அவரிடமே விசாரித்து, அவர் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் நின்று, அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதி, தேதியிட்டு அனுப்புங்கள். பதில் எழுத்தில்தான் இருக்க வேண்டும். தலையாட்டல் ஏற்கப்படாது.