ஐந்தாம் படியின் ஐந்தாவது போல்ட்

“கம் நிரப்பியாயிற்று. பதினைந்து நிமிடம் காத்திருப்பு.” என் நாட்குறிப்பில் ஒரு வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், பிற்பகல் 2.10 என்று நேரம் குறித்து, அடிக்கோடும் போட்டு நான் எழுதி வைத்திருக்கும் வரி இது. கையெழுத்து மணிமணியாக இருக்கிறது. இவ்வளவு அழகாக வேறெந்த முட்டாள்தனத்தையும் நான் பதிவு செய்ததில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், சோல் ஒட்டும் பகுதியில் பன்னிரண்டு வருடம் சூப்பர்வைசராக இருந்தவன் நான். மாதனூர் பக்கம் வீடு கட்டியபோது, மாடிக்கு ஏற, சுவரிலிருந்து நேராக நீட்டிக்கொண்டு நிற்கும் இரும்புப் படிகள்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அடியில் தாங்குவதற்கு எதுவும் கிடையாது. ஒவ்வொரு படியும் சுவரோரம் இருக்கும் நான்கு போல்ட்டை மட்டும் நம்பி அந்தரத்தில் நிற்கும். என் மனைவி கிரேஸ் நர்ஸ். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

“யாராவது வுழுந்தா கட்டுப் போடப்போறது யாரு? நான்தானே?”

அவளைச் சமாதானப்படுத்த, அந்த ஒரு சுவரை மட்டும் கம்பி கட்டி கான்கிரீட்டில் எழுப்பினோம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம் என்று சபையில் அறிவித்தாயிற்று. மாடி ஹாலில். நாற்பது பேர்.

படி செய்தவர் பேரணாம்பட்டு வெல்டர் சலீம் பாய். பதினான்கு படிக்கு ஐம்பத்தாறு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால், இரும்பைக் கான்கிரீட்டோடு பிடிக்கும் கம்மைப் பீய்ச்சி, மரை போட்ட ராடைச் செருக வேண்டும். அது இறுகியதும் படியை மாட்டி நட்டு முடுக்க வேண்டும்.

“கம் போட்ட கையோட ராடை வுட்டுரணும் சார்” என்றார் பாய்.

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.) ஷூவில் சோல் ஒட்டும்போது இரண்டு பக்கமும் கம் தடவி, காயவிட்டு, புறங்கையால் தொட்டுப் பார்ப்போம். கையில் ஒட்டாவிட்டால்தான் சோலை வைத்து அழுத்துவோம்.

“பாய், கம்மைப் பத்தி எனக்கே சொல்றீங்களா? ஈரத்துல ஒட்டுனா ரிஜெக்ட்டு. மொதல்ல அஞ்சு படிக்கு நிரப்புங்க. காயட்டும்.”

“டப்பா மேல இன்னாவோ பொடி எழுத்துல போட்டிருக்கே சார்?”

“அதெல்லாம் சும்மா போடுறது பாய்.”

2.25. புறங்கையால் தொட்டேன். துளியும் ஒட்டவில்லை. “பிரமாதம்! வுடுங்க பாய்” என்றேன். பாய் ராடை வைத்துச் சுத்தியலால் அடித்தார். ணங்! சர்ச் மணி தோற்றது. உள்ளே கம் கல்லாக இறுகிவிட்டிருந்தது. இருபது ஓட்டை, இருபது மணியோசை. ஒரு ராடைப் பாதியாக வெட்டிக்கூடப் பார்த்தார். அதுவும் ணங்.

பாய் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் கம்பெனியின் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

“நல்லவேள சார், நான் எப்பவும் செருப்புதான் போடுறது.”

ஐந்து படிகளையும் பட்டறைக்குத் தூக்கிப்போய், போல்ட்டுகளைத் தள்ளிப் போட வசதியாகப் பின்னால் பெரிய பிளேட் வைத்து வெல்டிங் செய்து, சனிக்கிழமை சுவரில் அவற்றுக்குப் புது ஓட்டை போட்டு, மற்ற ஒன்பது படிகளுக்கும் சேர்த்து ராடுகளை இறக்கினார். “சார், நீங்க அப்படி ஓரமா நின்னு எழுதிக்கினே இருங்க” என்றார். நின்றேன். ஒவ்வொரு ராடு உள்ளே போகும்போதும் ஒரு டிக். ஐந்தாம் படியின் மேல்பக்க இடது ராடு போகும்போது, சேர் எத்தனை வேண்டும் என்று கேட்டு போன் வந்தது. பேசிவிட்டு வந்தால், ராடு உள்ளே போய்விட்டிருந்தது. ஐம்பத்தைந்து டிக். ஒரு வெற்றிடம்.

மாலையில், படிகளெல்லாம் மாட்டியான பிறகு, தரையைப் பெருக்கும்போது பார்த்தேன். வெட்டிய ராடின் இரண்டு துண்டுகளில் ஒன்றுதான் இருந்தது. பாய்க்குப் போன் அடித்தேன்.

“பாய், அஞ்சாவது படியில முழு ராடுதானே போட்டீங்க?”

“முழுசாத்தான் சார் இருக்கும்.”

இருக்கும்! அந்த ஒரு சொல்லால் இரவு சோறு இறங்கவில்லை. இன்னொரு போல்ட் போடலாமென்றால் கம் தீர்ந்துவிட்டது. கடை திங்களன்றுதான் திறக்கும். கிரேஸிடம் சொல்லவும் தைரியமில்லை.

ஞாயிறு மாலை ஜோலார்பேட்டையிலிருந்து மாமனார் வந்தார். ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளத்தோடு நடந்து, போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடிக்கும் வேலை. உள்ளே நுழைந்ததும் மூலையில் கிடந்த ஸ்பேனரை எடுத்து, என் படிகளை ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தார். ஐந்தாவதில் நின்றார். மறுபடி தட்டினார்.

“இன்னா மாப்ள, இது ஒண்ணு மட்டும் வேற சத்தம் குடுக்குது?”

அவர் காதில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அதற்குள் வாசலில் பாட்டுச் சத்தம்; போதகரும் சபையாரும் வந்துவிட்டார்கள். மாமா திட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார்.

“வண்டி வந்துட்டுது. இனிமே ஒண்ணும் மாத்த முடியாது. அடியில வா.”

ஐந்தாம் படிக்கு அடியில் இருவரும் முழங்காலிட்டு, நான்கு கையாலும் படியைத் தாங்கினோம். எழுபது வயதுப் போதகர் முதலில் ஏறினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் மூச்சு வாங்க நின்றவர், கீழே பார்த்தார். கைகளை உயர்த்தி, முழங்காலில், கண்ணை இறுக மூடி இரண்டு ஆண்கள்.

“பாருங்க பிள்ளைங்களா” என்றார், குரல் தழுதழுக்க. “எல்லாரையும் மேல ஏத்திட்டு, வீட்டுக்காரரு கீழ முழங்கால்ல நிக்கிறாரு. இதுதான் தாழ்மை. இங்கயே ஒரு ஜெபம் பண்ணிடுவோம்.”

அந்தப் படியிலேயே நின்று பண்ணினார். என் கைக்கடிகாரப்படி நாலரை நிமிடம்.

“சத்தமா ஆமென் சொல்லு மாப்ள” என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு. “சீக்கிரம் முடிப்பாரு.”

நான் ஆமென் சொன்ன வேகத்தில் அவர் இன்னும் உருகிப்போய், இன்னொரு ஜெபத்தைத் தொடங்கினார்.

நாற்பது பேரும் ஏறினார்கள். நாற்பது பேரும் இறங்கினார்கள். படி அசையவில்லை. திங்கட்கிழமை பாய் வந்து, என் நிம்மதிக்காக அதே படியில் ஐந்தாவதாக ஒரு போல்ட் போட்டுவிட்டுப் போனார். இப்போதெல்லாம் வீட்டில் நான் எதைப் பற்றியாவது உறுதியாகப் பேச ஆரம்பித்தால், கிரேஸ் தன் புறங்கையை நீட்டி, “தொட்டுப் பாத்துட்டீங்களா?” என்கிறாள். சபையில் என்னை முழங்கால் ஜெபக் குழுவுக்குத் தலைவராக்கிவிட்டார்கள். விலக இரண்டு முறை கடிதம் கொடுத்தேன். அதையும் தாழ்மை என்று சொல்லி ஏற்க மறுத்துவிட்டார்கள்.

காணாமல்போன அரை ராடு ஐந்தாம் படியின் சுவருக்குள் இருக்கிறதா, பாயின் பழைய இரும்போடு போய்விட்டதா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை. நாட்குறிப்பில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.