முட்டை சொன்ன தீர்ப்பு

மனிதர்கள் பொய் சொல்வார்கள். முட்டை சொல்லாது. அந்த ஊரில் இதை மறுத்துப் பேச ஆளில்லை. கோழியின் பேச்சையே யாரும் நம்புவதில்லை, ஆனால் அது போட்ட முட்டை மட்டும் எப்படியோ சத்தியசந்தனாகிவிட்டது.

காரணம், முட்டை மகான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாடி அறையில் அவர் தங்கியிருந்தார். வரிசை படிக்கட்டில் இறங்கி, மருந்துக்கடையைத் தாண்டி, தெருமுனை வரைக்கும் நின்றது. கணக்கு வாத்தியாரும் வக்கீலும் வரிசையில் முன்னால் நின்றார்கள். படித்தவர்கள் அல்லவா, சீக்கிரம் எழுந்து வந்துவிடுகிறார்கள்.

முறை ரொம்ப எளிது. முட்டையை நீங்களே வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அதில் உங்கள் பெயரை எழுத வேண்டும். மகான் கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி முட்டையை உள்ளே விடுவார். மிதந்தால் மெய். மூழ்கினால் பொய். "பொய் கனமானது. அந்தப் பாரம் முட்டையை உள்ளே இழுத்துடும்" என்பார். ஆள் வாயில் இருந்த பொய் எந்த பஸ் பிடித்து முட்டைக்குள் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மகானிடம் இரண்டு கேன்கள் இருந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். யாருக்கு எந்தக் கேன் தண்ணீர் என்பது அவருக்குள்ளிருந்து உத்தரவாக வரும். வந்தவர்கள் முட்டையை மோந்து பார்த்தார்கள், உருட்டிப் பார்த்தார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். தண்ணீரை ஒருவரும் பார்க்கவில்லை.

இந்த வம்பெல்லாம் நமக்கெதற்கு என்றுதான் பேட்டரி அக்காவும் இருந்தாள். லாரி, டாக்ஸி பேட்டரிகளுக்கு சார்ஜ் போடும் கடை அவளுடையது. ஆசிட் பட்டுப் பட்டு அவள் சேலை முந்தானை சல்லடையாகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் தங்கச்சி வேலையிலிருந்து பாதியில் வந்து, கடைவாசலில் இருந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள். அழுது முடித்த முகம்.

"என்னடி?"

"என் முட்டை முழுகிடுச்சுக்கா."

தங்கச்சி தையல் கம்பெனி ஒன்றில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பவள். முதலாளியின் மோதிரம் காணாமல் போயிருந்தது. முதலாளி தேடவில்லை. தேடுவது அவர் கௌரவத்துக்குக் குறைச்சல். மகானையே கம்பெனிக்கு வரவழைத்துவிட்டார். பன்னிரண்டு பேரின் முட்டை மிதந்தது. தங்கச்சியின் முட்டை நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"திங்கக்கிழமைக்குள்ள மோதிரம் வரலைன்னா மறுபடியும் முட்டை போடுவாங்களாம், அதுவும் முழுகினா போலீசாம். வேலையும் போயிடும். அது போனாக்கூடப் பரவாயில்லைக்கா. கட்டிங் மாஸ்டர் பதினோரு வருஷமா என்கூட வேலை பாக்குறவர். என்னைப் பாத்ததும் கத்திரிக்கோலை எடுத்து டிராயர்ல வெச்சுப் பூட்டுறார்."

கோபத்தில் அக்கா கத்துகிற ரகமில்லை. கேள்வி கேட்கிற ரகம்.

"உன்மேல முதலாளிக்கு ஏதாவது காட்டம் இருக்கா?"

"பொம்பளைங்க கக்கூசுக்குத் தாழ்ப்பாள் போடுங்கன்னு மூணு தடவை கேட்டேன்."

"மகான் வந்ததும் முதல்ல எங்க போனார்?"

"முதலாளி ரூமுக்குத்தான். அரைமணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினாங்க."

அப்படியானால் தீர்ப்பு அறைக்குள்ளேயே எழுதியாகிவிட்டது. முட்டை கையெழுத்துப் போட மட்டும்தான் வந்திருக்கிறது.

"கேனை யார் மேலே தூக்கிட்டு வந்தது?"

"பேக்கிங் அண்ணன். ரெண்டும் ஒரே அளவு கேன்தான், ஆனா நீலக் கேன் தோளை இறக்கிடுச்சுன்னு புலம்பிட்டே இருந்தார்."

அக்கா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "ஒரே அளவு கேன். ரெண்டுலயும் கழுத்து வரைக்கும் தண்ணி. அப்புறம் ஒண்ணு மட்டும் எப்படிடி கனக்கும்?"

"அதுல மந்திரம் ஜாஸ்தியோ என்னவோ."

"மந்திரத்துக்கு எடை கிடையாது. திங்கக்கிழமை நானும் வரேன்."

திங்கட்கிழமை காலை தையல் இயந்திரங்கள் நிறுத்தப்பட்டன. எல்லோரும் சுற்றி நின்றார்கள். மகான் வெள்ளை அங்கியில் வீற்றிருந்தார். முதலாளி மூன்றாம் மாடி வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல் நின்றார். அக்கா ஒரு துணிப்பையோடு உள்ளே வந்தாள்.

"நீ யாரும்மா?" என்றார் முதலாளி.

"இவளோட அக்கா. மறுபடியும் முட்டை போடப்போறீங்கன்னு சொன்னா. பாக்க வந்தேன். எனக்கும் பக்தி உண்டுங்க."

மகான் மகிழ்ந்து தலையசைத்தார். தங்கச்சி பெயர் எழுதிய முட்டையை நீட்டினாள். அவர் கண்ணை மூடி, உத்தரவு வாங்கி, வெள்ளைக் கேனிலிருந்து ஊற்றினார். முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் 'ச்சு' கொட்டினார்கள்.

"சாமி, அதே முட்டையை நீலக் கேன் தண்ணியில போட்டா?" என்றாள் அக்கா.

"அது மெய்யருக்கு மட்டும்."

"அப்போ முதலாளியை வெச்சுப் பாத்துடலாம். அவர் மெய்யர்தானே? முட்டை என்கிட்ட இருக்கு. இன்னிக்குக் காலையில வாங்கினது."

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது முட்டைக்குப் பயந்ததாக எப்படிக் காட்டிக்கொள்வது? பெயரை எழுதினார். மகான் அவசரமாக நீலக் கேனை எடுக்கக் குனிந்தார். அக்கா அதற்குள் அந்த முட்டையை வாங்கி, தங்கச்சியின் முட்டை கிடந்த ஜாடியிலேயே விட்டுவிட்டாள்.

முதலாளி மூழ்கினார். அதாவது, அவர் முட்டை. இரண்டும் அடியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன.

கட்டிங் மாஸ்டர் இருமினார்.

"இது... தண்ணி தீட்டாயிடுச்சு" என்றார் மகான்.

"ஆகியிருக்கும். சோதிச்சுடலாம்." அக்கா பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தாள். மேலே ரப்பர் குமிழ், உள்ளே ஒரு சின்ன மிதவை. "இது பேட்டரி ஆசிட் பாக்குறதுங்க, நல்லாக் கழுவித்தான் கொண்டுவந்திருக்கேன். ஆசிட் அடர்த்தியா இருந்தா மிதவை ஏறும், சார்ஜ் இருக்குன்னு அர்த்தம். நீர்த்துப்போனா இறங்கிடும். இதுக்கு யார் நல்லவங்க, யார் கெட்டவங்கன்னு தெரியாது. இருபது வருஷமா என்கிட்ட இருக்கு, ஒரு தடவைகூட உத்தரவு வந்ததில்லை."

வெள்ளைக் கேனில் உறிஞ்சினாள். மிதவை அசையாமல் அடியில் கிடந்தது. நீலக் கேனில் உறிஞ்சினாள். மிதவை துள்ளி எழுந்து நின்றது.

"சாமியோட தண்ணி பாதி சார்ஜ்ல இருக்கு" என்றாள். "மாஸ்டர், நீலக் கேன்லேர்ந்து ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாருங்க."

கட்டிங் மாஸ்டர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகம் கோணிப்போயிற்று. "ஐயய்யோ, உப்பு."

"அதான் அண்ணனோட தோள் இறங்கினது. முட்டை இருக்குற அளவுக்கே நல்ல தண்ணியை எடுத்து நிறுத்துப் பாருங்க, முட்டைதான் கொஞ்சம் கனம். அதனால முழுகும். உப்பைக் கரைச்சுட்டா தண்ணி முட்டையைவிடக் கனமாயிடும். அப்புறம் முட்டை மிதந்துதான் ஆகணும், கொலைகாரன் பேரை எழுதினாலும் மிதக்கும். இன்னொண்ணு. அழுகின முட்டை நல்ல தண்ணியிலயே மிதக்கும். உள்ள கெட்டுப்போனதெல்லாம் மேல வந்துடும், சாமி மாதிரி."

மகானுக்குள்ளிருந்து புதிய உத்தரவு வந்திருக்க வேண்டும், இரண்டு கேன்களையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நீலக் கேன் அவரை ஒரு பக்கமாகச் சாய்த்தது. இரண்டாம் மாடியில் அதை வைத்துவிட்டு ஓடினார். பேக்கிங் அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார், கை கொடுக்கவில்லை.

முதலாளி அசருகிற ஆளா? "முட்டை பொய்யா இருக்கலாம். மோதிரம் போனது நிஜம்தானே?" என்றார், கோட்டுப் பையில் கையை விட்டபடி.

தங்கச்சி அந்தக் கையையே பார்த்தாள். துணி சம்பந்தப்பட்ட எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கை மணிக்கட்டைத் தாண்டி உள்ளே போயிருந்தது. எந்தப் பையும் அவ்வளவு ஆழம் தைப்பதில்லை.

"சார், உங்க கோட்டுப் பை கிழிஞ்சிருக்கு."

"அதுக்கென்ன இப்போ?"

"துணி தொட்டுப் பாக்கும்போது மோதிரத்தைக் கழட்டி எங்க வெப்பீங்க?"

முதலாளி கையை வெளியே எடுத்து, கோட்டுப் பையைத் தடவிப் பார்த்தார். ஊரார் பைகளையெல்லாம் தைத்துக் கொடுக்கும் கம்பெனியில், முதலாளியின் பை கிழிந்திருப்பதைச் சொல்ல இத்தனை நாளும் யாருக்கும் தைரியம் வரவில்லை. கட்டிங் மாஸ்டர் டிராயரின் பூட்டைத் திறந்து, கத்திரிக்கோலை எடுத்துத் தங்கச்சியின் கையில் கொடுத்தார். அவள் கோட்டை வாங்கி, உள்துணியின் ஓரத்தை நாலு தையல் பிரித்தாள். மோதிரம் மேசையில் விழுந்து உருண்டது.

தங்கச்சி மோதிரத்தை எடுத்து, முதலாளியின் கையில் கொடுக்காமல், ஜாடிக்குள் போட்டாள். அது இரண்டு முட்டைகளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது.

"முழுகிடுச்சு சார்" என்றாள். "இதையும் போலீசுல பிடிச்சுக் குடுத்துடுங்க. நாளைக்கு நான் வேலைக்கு வரும்போது தாழ்ப்பாள் போட்டிருக்கணும்."

போட்டிருந்தார்கள்.

மகான் இப்போது பக்கத்து ஊரில் இருக்கிறாராம். கேன் நிறத்தை மாற்றிவிட்டாராம். வரிசை இங்கே நின்றதைவிட நீளமாம். நீங்களும் அதில் நிற்பதாக இருந்தால் நில்லுங்கள், யார் தடுத்தது? உள்ளே போனதும் முட்டையையே முறைத்துக்கொண்டிருக்காமல், ஊற்றுகிற தண்ணீரில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். நாக்கு அதற்கும் சேர்த்துத்தான் இருக்கிறது, ஆமாம் சாமி போடுவதற்கு மட்டுமில்லை.