ரபேலின் நாலடி மெஷின்

"'ரெண்டடி ஸ்டிக்கர் மெஷின்ல நான் என்ன சாப்பாட்டு டப்பாவுக்குப் பேரா வெட்டப்போறேன்? நாலடி மெஷின் இல்லாம போர்டுத் தொழில் பண்றவன் இந்த ஜொகூர்லயே கிடையாது. என் தொழில்ல நீ ஏன் மூக்கை நுழைக்கிற?' இதுதான் நீங்க சொன்னது. ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல. சரியா?" என்றாள் ரீத்தா.

சரிதான். ரபேல் அப்படியேதான் சொல்லியிருந்தார். கான்வென்ட்டில் வேத வசனங்களை ஒரு மூச்சில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பேச்சையும் அப்படியே ஒப்பிக்கிறாள். பரிசுதான் யாரும் கொடுக்கவில்லை.

"சொன்னேன்தான். இன்னமும் சொல்லுவேன்!"

"தாராளமா. காலை மட்டும் மேசைக்கு அடியிலேருந்து எடுத்துட்டுச் சொல்லுங்க. மெஷின் வயர் ஓடுது."

ரபேல் காலை எடுத்தார். கொள்கையை எடுக்கவில்லை.

சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் எவன் எவனுக்கோ 'யெஸ் பாஸ்' சொன்னவர், இனி யாருக்கும் தலையாட்டுவதில்லை என்ற சபதத்தோடு சொந்த ஊரான பாலோவுக்குத் திரும்பியிருந்தார். ஸ்டிக்கர் வெட்டிப் பெயர்ப் பலகை செய்யும் தொழில் என்று முடிவாகிவிட்டது. நாலு மாதம் யூடியூப் பார்த்தார். அதில் விளங்கியது ஒன்றே ஒன்று: மெஷின் பெரிசாக இருந்தால் ஆளும் பெரிய ஆள். நாலடி அகலம். இரும்புக் காலில் நிமிர்ந்து நிற்க வேண்டும். டிசைன் போடும் சாப்ட்வேரும் மாதாமாதம் வாடகை கேட்கும் பெரிய ரகமாக இருக்க வேண்டும்.

ரீத்தா யூடியூப் பார்க்கவில்லை. குளுவாங் டவுனில் மெஷின் விற்கும் கடைக்கு நேராகப் போனாள். "புதுசா கத்துக்கிறவங்களுக்கு எது போதும்? எங்க வாசக்கதவுல எது நுழையும்? கூடக் குடுக்கிற சாப்ட்வேர்ல தமிழ் எழுத்து உடையாம வருமா? மக்கர் பண்ணா யாரைக் கூப்பிடுறது?" கடைக்காரர் சொன்ன பதில்களைக் கேட்டுவிட்டு, ரெண்டடி மெஷினைக் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

"பிடிக்கலன்னா ஏழு நாளுக்குள்ள மாத்திக்கலாமாம்" என்றாள், போகிற போக்கில்.

ஏழு நாள்! ரபேல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதற்குள் இந்தப் பொடி மெஷின் ஒரே ஒரு வேலையைச் சொதப்பினால் போதும். நாலடி வந்து கூடத்தில் நிற்கும்.

வேலையும் தானாக வந்தது. பக்கத்து வீட்டுக் காளியப்பன் லாபிஸ் சாலையில் வேனில் தோசை விற்பவர்.

"அண்ணே, வேன் பின்கண்ணாடிக்கு ஒரு ஸ்டிக்கர் வேணும். வெளிப்பக்கம் ஒட்டினா கார் கழுவுற இடத்துல தண்ணியப் பீச்சியே பிச்சுடுறானுங்க. உள்பக்கமா ஒட்டிக் குடுங்க. பின்னால வர்றவன் படிக்கணும், பசிக்கணும்."

"கண்ணாடி மூணடி நீளம் இருக்குமே!" ரபேல் முகம் மலர்ந்தது. "பாவம், இவ மெஷின் ரெண்டடிதான்."

"ஸ்டிக்கர் சுருள் நீளவாக்குல ஓடும் தம்பி" என்றாள் ரீத்தா அடுப்படியிலிருந்து. "ரெண்டடிங்கிறது அகலம். உங்க கண்ணாடி உயரம் ஒன்றரையடி தாண்டாது."

மலர்ந்தது வாடியது. ஆனாலும் ரபேல் விடவில்லை. "ஒன்னு சொல்லிடுறேன். இந்தத் தொழில்ல ஒரு முறை இருக்கு. கீழ ஓரத்துல செஞ்சவங்க பேரும் போன் நம்பரும் வரணும். யார் செஞ்சாங்களோ அவங்க பேரு. காளியப்பா, நீதான் சாட்சி!"

"சாட்சி அண்ணே" என்றார் காளியப்பன்.

"ஓக்கே" என்றாள் ரீத்தா. அவள் இவ்வளவு சுருக்கமாகப் பேசினால் ரபேல் பயந்திருக்க வேண்டும்.

முதல் மூன்று நாளும் ரபேலின் ஆட்சி. பெரிய சாப்ட்வேரை இலவசச் சோதனைக்கு இறக்கினார். காளியப்பன் சிரிக்கும் போட்டோவை அதில் போட்டார். வெட்டு என்று கட்டளையிட்டார். மெஷின் போட்டோவின் நாலு ஓரத்தையும் சுற்றி ஒரு கட்டம் வெட்டிவிட்டு நின்றுகொண்டது.

"பாத்தியா? ஒரு மூஞ்சிய வெட்டத் தெரியல!"

"அதுல இருக்கிறது கத்திங்க, கேமரா இல்ல. கோடு போட்டுக் குடுத்தா கோட்டு மேல போகும். போட்டோவைக் குடுத்தா அது எங்க போகும்? நான்சென்ஸ்."

மூன்றாம் நாள் மதியமே, மெஷினோடு வந்த சாதாரண சாப்ட்வேரில், ஒரு வட்டத் தோசையும் அதன் மேல் மூன்று ஆவிக் கோடும் போட்டு, எழுத்தையும் அடுக்கி முடித்தாள்.

ஐந்தாம் நாள் அவள் ஜெபக்கூட்டத்துக்குப் போன நேரத்தில், ரபேல் கத்தியின் திருகாணியை மூன்று சுற்றுச் சுற்றி வெளியே நீட்டிவைத்தார். இனி ஸ்டிக்கரோடு அதன் அடியில் இருக்கும் தாளும் சேர்ந்து கந்தலாகும். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு கோப்பை கோப்பி கலக்கிக் குடித்தார்.

ஆறாம் நாள் ரீத்தா ஓர் ஓரத்தில் சின்ன முக்கோணம் ஒன்றை மட்டும் வெட்டிப் பார்த்தாள். அடியில் இருந்த தாளும் கிழிந்தது. திருகாணியைப் பழையபடி உள்ளே திருப்பினாள்.

"வீட்ல எலி வந்திருக்குங்க. கத்திய நீட்டிட்டுப் போயிருக்கு."

"எலியா?"

"பெரிய எலி. கைலி கட்டின எலி."

ரபேல் கைலியை இறுக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனார். போனாலும் தோற்கவில்லை. இன்னும் ஒரு நாள் இருந்தது.

ஏழாம் நாள் காலை. மெஷின் வெட்டி முடித்தது. ரீத்தா கொக்கி ஊசியால் எழுத்துகளுக்கு நடுவே வேண்டாத துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ரபேல் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

எழுத்தெல்லாம் புரண்டு கிடந்தது! இடது வலதாக, வலது இடதாக, முகம் பார்க்கும் கண்ணாடிக்குள் தெரிவது போல. கடைசி வரியின் வலது ஓரத்தில் ஒரு 'ர' கூடக் குப்புற விழுந்தது போல் திரும்பிக் கிடந்தது. பாவம், ரபேல் என்ற பெயரைக்கூட ஒழுங்காக வெட்டத் தெரியவில்லை இந்த மெஷினுக்கு.

சொல்லலாமா? சொல்லவே கூடாது. மூச்.

"ஒட்டுறதுக்கு உங்க கைதாங்க வேணும்" என்றாள் ரீத்தா. "நான் ஒட்டினா காத்துக் குமிழி விழும்."

"குடு, குடு!" பறித்துக்கொண்டு ஓடினார்.

வேன் அவர்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. உள்ளே புகுந்து, குனிந்து, கண்ணாடியைத் துடைத்து, அட்டையால் தேய்த்தார் பாருங்கள், சிங்கப்பூர்க்காரன் அந்த உழைப்பைக் கண்டதே இல்லை. தப்பு உலகத்துக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமே! மூலைக்கு மூலை நகத்தால் அழுத்தினார். இனி யார் நினைத்தாலும் உரிக்க முடியாது. எழுத்துகளைப் பிடித்திருந்த மேல்தாளை உரித்துவிட்டு, 'இதுதான் உன் ரெண்டடி' என்ற வசனத்தை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு வெளியே குதித்து வேனின் பின்னால் வந்து நின்றார்.

காளியப்பன் தோசை வேன். சுடச் சுட.

உள்ளே புரண்டு கிடந்த ஒவ்வோர் எழுத்தும் வெளியிலிருந்து நேராக, அழகாக நின்றது. உள்பக்கம் ஒட்டுவதைப் புரட்டித்தான் வெட்ட வேண்டும் என்பது நாலு மாத யூடியூபில் எங்கோ வந்திருக்கும். அப்போது அவர் நாலடி மெஷினின் இரும்புக் காலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

தோசைக்குக் கீழே சின்ன வரி: ரீத்தா சைன்போர்டு. அவள் போன் நம்பர்.

"அலமாக்! ஒரு குமிழி இல்லையே அண்ணே!" காளியப்பன் கண்ணாடியைத் தடவினார். "இனிமே அக்கா வெட்டட்டும், நீங்க ஒட்டுங்க லா."

"என் பேரு எங்கய்யா?"

"செஞ்சவங்க பேருதானே அண்ணே வரணும்? நான்தானே சாட்சி."

ரபேல் உள்ளே ஏறி அந்த வரியின் மூலையை நகத்தால் கீறிப் பார்த்தார். அசையவில்லை. அவ்வளவு உறுதியாக ஒட்டியிருந்தார் படுபாவி.

வீட்டுக்குள் ரெண்டடி மெஷின் அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டது. ஆயர் ஈத்தாம் ஊரில் ஒரு பானைக் கடைக்கு ஏதோ போர்டாம். ரபேல் வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ரீத்தா..."

அவள் கொக்கி ஊசியைத் தேடி எடுத்தாள்.

"ஏம்மா ரீத்தா... அந்தப் பானைக் கடை போர்டுல, கீழ, சின்ன எழுத்துல, 'ஒட்டியவர் ரபேல்'னு மட்டும் போட்டுடுறியா?"