பாதுகாப்பு அலுவலர் ஈவ்லின்

‘அச்சகம்’ என்ற சொல்லில் ‘க’வை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அச்சம். ஈக்காட்டுத்தாங்கலில் இருபது வருஷமாக அச்சகம் நடத்தும் பவுல்சாமியாகிய எனக்கு அந்த அச்சம் கிடையாது. அரசாங்கம் எத்தனை விதிமுறை போட்டாலும் தாளில் மட்டும் பணிவது என்று தீர்மானித்திருந்தேன். தாளுக்கா நம்மிடம் பஞ்சம்?

இந்த முறை லைசென்ஸ் புதுப்பிக்க வந்த படிவத்தில் புதுக் கட்டம் ஒன்று: ‘பாதுகாப்பு அலுவலர் பெயர்’. பன்னிரண்டு பேர் இருக்கும் இடத்துக்கு அலுவலராம். என் மனைவி ஈவ்லின் பெயரை எழுதிவிட்டேன். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அச்சகத்துப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. வேளாங்கண்ணியில் சத்தியம் செய்து விட்ட சிகரெட்டை நான் அச்சகத்தில் மட்டும் பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

“இன்னாங்க இது?”

“சும்மா ஒரு பேருக்கு. கையெழுத்து போடு, போதும்.”

“படிக்காம போட மாட்டேன். மண்ணெண்ணெய் பக்கத்துல பொகை புடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. அங்க யாராச்சும் புடிக்கிறாங்களா?”

“சேச்சே.”

“நேர்ல பாத்துட்டுப் போடறேன்.”

முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

மறுநாளே என் வீட்டுப் பாதுகாப்பு அலுவலர் வந்தார், சிவப்புப் பேனாவோடு. மிஷின் ஓட்டும் ஜைத்தைக் கூப்பிட்டார்.

“இங்க யாருப்பா சிகரெட் புடிக்கிறது?”

“மொதலாளி மட்டுந்தான் மேடம். நாங்கல்லாம் ரூல்ஸ்படி தெருவுக்குப் போய்க்கினு கீறோம்.”

சம்பளம் வாங்குகிற வாய்க்கு எவ்வளவு ஒழுக்கம்! ஈவ்லின் என்னைத் திட்டவில்லை. எழுதிக்கொண்டாள்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி முத்துகிருஷ்ணனுக்கு நான் டீ சொல்வதற்குள் அவள் அறிக்கையை நீட்டிவிட்டாள். அவர் படித்துவிட்டு எழுந்தே நின்றார்.

“என் சர்வீஸ்ல இப்படி ஒரு ரிப்போர்ட் பாத்ததில்லம்மா. சார், இதுல இருக்கிறபடி செஞ்சா லைசென்ஸ். இல்லேன்னா பூட்டு.”

வாங்கிப் படித்தேன்.

‘எளிதில் தீப்பற்றுபவை. உடனே அகற்றவும். ஒன்று, மை துடைத்த துணி. இரண்டு, திறந்த மண்ணெண்ணெய் கேன். மூன்று, உரிமையாளர்.’

இப்போது ராஜா அண்ணாமலைபுரம் வீட்டில் வெங்காயம் உரிக்கிறேன். அச்சகம் அவள் கையில், ஜோராக ஓடுகிறது. துணிக்கும் கேனுக்கும் மூடி வாங்கிப் போட்டு அங்கேயே இருக்க அனுமதித்துவிட்டாள்.

மூன்றாவதுக்கு ஏற்ற மூடிதான் கடையில் கிடைக்கவில்லையாம்.