வாசலுக்கு ஒரு காவல் சைக்கிள்

"சைக்கிள் மறுபடியும் போச்சு!" என்று வாசலில் நின்று கத்தினார் நவமணி டீச்சர்.

டத்தோ கிராமாட் குடியிருப்பில் வீட்டு வாசலில் கார் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. டீச்சர் காரில் பள்ளிக்குக் கிளம்பியதும், எதிர்வீட்டு மீரா சாகிப் தன் ஜவுளிக்கடை வேனை அங்கே சொருகிவிடுவார். திரும்பி வரும் டீச்சர் பாசார் சந்தைப் பக்கம் காரை விட்டுவிட்டு, நாற்பது பிள்ளைகளின் நோட்டுகளைச் சுமந்து நடக்க வேண்டும். பூந்தொட்டி வைத்துப் பார்த்தார், நகர்த்திவிட்டார்கள். அதனால்தான் பாசார் முனையில் நிற்கும், யாரும் எடுத்து ஓட்டி எங்கேயும் விடக்கூடிய கம்பெனி வாடகை சைக்கிளில் ஒன்றைக் கணவரைக் கொண்டுவரச் சொல்லி வாசலில் காவல் வைத்தார்.

"கம்பெனி சாமான எவன் தொடுவான்?" என்றார். தினமும் தொட்டார்கள்.

"எல்லாம் அந்த பாய் வேலதான்!"

"வேனையே காணோமே நவமணி?" என்றார் கணவர் பெர்னார்ட்.

"எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காருலா. நாம அசந்தா சொருகிடுவாரு. நாளைக்கு ரெண்டா கொண்டாந்து வைங்க."

ஓய்வு பெற்றபின் நிம்மதியாகப் பேப்பர் படிக்கலாம் என்றிருந்த மனிதர், சைக்கிள் மிதித்தார். மறுநாள் இரண்டில் ஒன்றைக் காணோம்.

டீச்சர் அடுத்த சைக்கிளைச் சங்கிலி போட்டு கேட்டில் பூட்டினார். கம்பெனி ஆட்கள் வந்து சங்கிலியை அறுத்து, "எல்லாருக்கும் பொது அக்கா, பூட்டக்கூடாது" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்.

"அப்போ ஆறு!" என்றார் டீச்சர். "ஆறையும் ஒரே ஆளு எடுத்துட முடியுமா?"

பெர்னார்ட் காலையில் ஆறு நடை போய்வந்தார். கால்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. ஆறைக் கண்ட தெருக்காரர்கள், இதுதான் சைக்கிள் விடும் இடம் போலிருக்கிறது என்று தாங்கள் ஓட்டி வந்ததையும் அங்கேயே விட்டார்கள். மாதக் கடைசியில் எண்ணினால் பதினேழு.

ஒரு சனிக்கிழமை லாரி வந்தது. இறங்கியவர்கள் வாசலில் மஞ்சள் கோடு போட்டார்கள், பலகை நட்டார்கள். கம்பெனி அதிகாரி ரோஹானா டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கி மலாயில் வாழ்த்தினார். இந்த வட்டாரத்திலேயே இந்த வாசலில்தான் சைக்கிளுக்கு அவ்வளவு கிராக்கியாம். இனி இது நிரந்தர சைக்கிள் நிறுத்துமிடம். கார் நிற்கக் கூடாது.

டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாகப் போராடிக் காத்த இடம்! அந்த நேரம் பார்த்து மீரா சாகிப் கடைக்குக் கிளம்பி வெளியே வந்தார்.

"இப்ப சந்தோஷமா பாய்? எனக்கும் இடமில்ல, உங்க வேனுக்கும் இடமில்ல!"

மீரா சாகிப் வரிசையிலிருந்து ஒரு சைக்கிளை உருவி ஏறி உட்கார்ந்தார்.

"வேனா? அத வித்து மூணு மாசமாச்சு டீச்சர். அதான் சாரு தெனம் காலையில எனக்கு வாசல்லயே சைக்கிள் கொண்டாந்து வச்சிடுறாரே!"